கதிர்வீச்சு சிகிச்சைத் துறையும் கைபேசிச் செயலிகளும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பயிற்சி மருத்துவராக இருக்கும் தங்கள் மகள் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புக்குச் செல்ல விரும்புவதாகவும், அதற்கென நான்கைந்து செயலிகளை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் கைபேசியிலேயே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இது ஒரு படிப்பா என்று கேட்கிறீர்கள். படிப்புதான், ஆனால் எந்தச் செயலியை எந்த வேலைக்கு நம்பலாம் என்பதை அவர் பிரித்தறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறிவது ரேடியாலஜி. கதிர்வீச்சைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவது இந்தத் துறை. பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இளநிலை மருத்துவப் படிப்பில் இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கதிர்வீச்சைச் செலுத்தும் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டர் இயங்கும் அறையை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே பட்டம் பெறுகிறவர்கள் உண்டு. அந்தக் குறையைக் கைபேசி கொண்டு நிரப்ப முயல்வதில் தவறில்லை.

செயலிகளில் உண்மையாகவே கைகொடுப்பது டோஸ், அதாவது கொடுக்கும் கதிர்வீச்சின் அளவு, கணக்கிடும் வகை. கதிர்வீச்சைப் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு ஒரு தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தவணையின் அளவு மாறினால் விளைவும் மாறும் என்பதால், எந்தச் சிகிச்சையையும் தவணைக்கு 2 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) என்ற வழக்கமான முறைக்குச் சமமாக்கி ஒப்பிடுவது இத்துறையின் அன்றாடப் பழக்கம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கப் பத்துத் தவணைகளில் 30 கிரே கொடுப்பது நெடுநாள் வழக்கத்தில் உள்ள ஒரு முறை. இதைச் செயலியில் இட்டு, கட்டிக்குரிய ஆல்ஃபா/பீட்டா விகிதத்தை (தவணையின் அளவு மாறுவது ஒரு திசுவை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதைக் காட்டும் எண்) 10 என்று கொடுத்தால் 32.5 கிரே என்று விடை வரும். விகிதத்தை மட்டும் 3 ஆக்கினால், அதாவது பாதிப்பைத் தாமதமாகக் காட்டும் இயல்பான திசுக்களின் பக்கமிருந்து பார்த்தால், அதே சிகிச்சை 36 கிரேக்குச் சமமாகிறது. தவணை பெரிதாகப் பெரிதாக நல்ல திசுக்கள்மீது சுமை கூடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்து மறப்பவர்கூட, எண்களைத் தானே மாற்றிப் பார்த்தால் மறக்கமாட்டார். ஆனால் முதல் முறை தாளில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்த டோஸை, தவணை அளவும் விகிதமும் சேர்ந்த தொகையால் பெருக்கி, 2 என்ற எண்ணும் விகிதமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

அதே செயலி சறுக்கும் இடமும் இதிலேயே இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு 35 தவணைகளில் 70 கிரே கொடுக்க ஏழு வாரமாகும். இடையில் நோயாளி ஒரு வாரம் வராமல் போனால், எஞ்சிய புற்றணுக்கள் அந்த அவகாசத்தில் வேகமாகப் பெருகி, கொடுத்த டோஸின் பயனில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். எளிய சூத்திரத்தில் நாட்களுக்கு இடமே கிடையாது என்பதால், சிகிச்சை ஏழு வாரத்தில் முடிந்தாலும் எட்டு வாரத்தில் முடிந்தாலும் செயலி 70 என்றே காட்டும். அனுபவமுள்ள பேராசிரியர் கேட்கக்கூடிய கேள்வி இதுதான். செயலியின் விடையை மட்டும் நம்பிப் போனவர் அதில் திணறுவார்.

கான்டூரிங், அதாவது ஸ்கேன் படத்தில் கட்டியையும் உறுப்புகளையும் சுற்றிக் கோடு வரைவது, கற்பிக்கும் செயலிகளைப் பற்றி எனக்கு அரை மனம்தான். சி.டி. படங்களை ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, தண்டுவடம் எங்கே, உமிழ்நீர்ச் சுரப்பி எங்கே, கழுத்து நிணநீர்க் கணுக்களின் எந்த நிலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பெயர்களைப் பழகிக்கொள்ள அவை உதவும். சிகிச்சைக்கான எல்லையை வரையும் திறன் சிறிய திரையில் விரலால் தேய்த்து வருவதில்லை. கட்டியைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது என்பது, நோயாளியை அசையாமல் படுக்க வைக்க அந்தந்தத் துறை பயன்படுத்தும் முறையையும், சிகிச்சைக்கு முன் தினமும் படம் எடுத்துச் சரிபார்க்கிறார்களா என்பதையும் பொறுத்தது. திட்டமிடும் அறையில் மூத்த மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, போட்ட கோட்டை அவர் அழித்துத் திருத்துவதைப் பார்த்துத்தான் இது வரும்.

நோயின் நிலையைச் சொல்லும் செயலிகளில் பதிப்பைப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. 2016இன் இறுதியில் வெளியான டி.என்.எம். (கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், பிற உறுப்புகளுக்குப் பரவல் ஆகியவற்றைக் கொண்டு நோயின் நிலையைக் குறிக்கும் முறை) எட்டாம் பதிப்பு, எச்.பி.வி. வைரஸ் தொடர்புள்ள தொண்டைப் புற்றுநோய்க்குத் தனி வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. கழுத்தின் ஒரே பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேற்படாத, புற்றுநோய் பரவிய பல கணுக்கள் இருந்தால், கணுக்களின் நிலை முந்தைய பதிப்பில் என்2; இதில் அதைவிடக் குறைந்த என்1. புதுப்பிக்கப்படாத செயலி பழைய விடையையே தயக்கமின்றிச் சொல்லும். எழுதியவர் யார், எந்த நெறிமுறையைப் பின்பற்றினார், கடைசியாக எப்போது திருத்தினார் என்ற மூன்றும் ‘அறிமுகம்’ பக்கத்தில் இல்லாத செயலியை நீக்கிவிடச் சொல்லுங்கள். நினைவட்டைச் செயலிகள் தேர்வுக்குப் போதும். அட்டைகளை அவரே எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோயாளியின் ஸ்கேனைக் கைபேசியில் படம் பிடித்துக் குழுக்களில் போட்டுச் சந்தேகம் கேட்கும் வழக்கம் பயிற்சி மருத்துவர்களிடம் பரவியிருக்கிறது. படத்தின் மூலையில் பெயரும் பதிவு எண்ணும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. துறையில் நுழையும் முன்பே ஒழுங்கு நடவடிக்கையில் சிக்க இது ஒன்றே போதும்.

எனவே கைபேசியை அவரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டாம். விருப்பப் பணிக்காலம் வரும்போது கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் சில வாரங்கள் இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே மருத்துவரோடு மட்டும் நில்லாமல், மருத்துவ இயற்பியலாளரிடமும் கருவியை இயக்கும் தொழில்நுட்பரிடமும் சில நாட்களைச் செலவிடட்டும். செயலியில் போட்ட கணக்குகளில் விளங்காதவற்றைக் குறித்துக்கொண்டு போனால், அவற்றைக் கேட்பதற்குச் சரியான ஆள் அந்த இயற்பியலாளர்தான்.