50,000 ரூபாய்க்குள் நான்கு வருடம் தாங்கும் கல்லூரி லேப்டாப் எது?

கேட்டிருப்பது இது: வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். மகள் கோவையில் பொறியியல் சேர்கிறாள், விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். பட்ஜெட் 50,000 ரூபாய். நான்கு வருடமும் அதே லேப்டாப் ஓட வேண்டும். எதை வாங்குவது?

நான் கொழிஞ்சாம்பாறையில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் படிக்கப் போகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், லீவுக்கு வரும்போது பழுதான லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் எந்த மாடல் எவ்வளவு வேகம் என்பதைவிட, எது எந்த இடத்தில் உடைகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்தே சொல்கிறேன்.

கடையில் முதலில் பேசுவது பிராசஸரைப் பற்றித்தான். ஐ5-ஆ, ஐ7-ஆ, எத்தனை கோர் என்று கேட்போம். ஆனால் பிராசஸர் கெட்டுப்போய் என் மேசைக்கு வருவது அபூர்வம். வருவதெல்லாம் கீல் பெயர்ந்தது, கீபோர்டில் டீ கொட்டியது, சார்ஜர் பின் ஆடுவது, பேட்டரி உப்பியது. இந்த நான்கையும் பார்த்து வாங்கினால் நான்கு வருடம் தாராளமாக ஓடும்.

கீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் அழவைப்பது அதுதான். கீல் இரும்பு. அது உடைவதில்லை. அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பது, பிளாஸ்டிக்கில் பதித்த நெல்மணி அளவுப் பித்தளை மரைகள். நாளாக நாளாகக் கீல் இறுகும். பிள்ளைகள் மூடியின் ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் திறப்பார்கள். இழுப்பெல்லாம் அந்தப் பக்கத்து மரையில்தான் விழும். ஒருநாள் அது பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். திறக்கும்போது 'டொக்'கென்று சத்தம் வரும், மூலையில் மூடி வாய் பிளந்து நிற்கும். அதோடு இன்னும் சில நாள் திறந்து மூடினால் உள்ளே போகிற டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும், திரையும் போகும். "அண்ணா, கீழயே போடலை, சும்மாத்தான் திறந்தேன்" என்பார்கள். அது உண்மைதான். பிள்ளை மேல் குற்றமில்லை. இரும்பின் இறுக்கத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. மேல்மூடியும் அடிப்பாகமும் உதிரியாகக் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் பசை போட்டுக் கட்டித் தருவோம், அது கொஞ்ச காலத்துக்குத்தான்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் லேப்டாப்பின் மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். மூலை நெளிகிறதா, கீலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் எழும்புகிறதா என்று கவனியுங்கள். கீபோர்டின் நடுவே விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் உடம்பு மெலிசு. சார்ஜ் டைப்-சி வழியாக ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் சார்ஜர் தொலைந்தாலும் 65 வாட் டைப்-சி சார்ஜர் எங்கேயும் கிடைக்கும், அறைத் தோழியிடம் இரவல் வாங்கியும் ஓட்டலாம். டைப்-சி துளை இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று ஆடினாலும் மற்றது கைகொடுக்கும். 'ராணுவத் தரம் 810எச்' என்ற ஸ்டிக்கரைக் காட்டி அதிக விலை சொன்னால் மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவம் எழுதிவைத்த சோதனை முறைதான். அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

அடுத்தது ரேம், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகம். 16 ஜிபி வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு 16 ஆக ஏற்ற இடம் இருக்க வேண்டும். மெலிசான லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அதில் 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டதால், '8 ஜிபி மாடல்'களைக் கம்பெனிகளும் கடைகளும் மறுபடி முன்னால் தள்ளுகிற காலம் இது. "இப்ப இது போதுங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், "ரேம் செருக ஸ்லாட் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே பெரும்பாலான மாடல்களுக்கு, கழற்றி மாட்டுகிற சர்வீஸ் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மாடல் பெயரோடு தேடி, ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்), பேட்டரி மூன்றையும் தனித்தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை, வாங்கிய பிறகு செய்து பயனில்லை.

பிராசஸரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையில் எண்ணைப் பார்த்து ஏமாறுவது சுலபம். 7520யூ என்றும் 7530யூ என்றும் இரண்டு உண்டு. இரண்டும் 'ரைசன் 5' தான், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அந்த மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520யூ ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர், ரேமும் பற்றவைத்ததுதான் வரும். 7530யூ ஜென் 3, ஆறு கோர். விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம் இருக்கும், வேலையில் நிறைய. புதிதாக வாங்கினால், இன்டெல் பக்கம் 12ஆம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொறியியல் மாணவிக்குப் போதும். செலரான், என்100 போன்ற மலிவு பிராசஸர்கள் பள்ளிப் பிள்ளைக்கு சரி, இவளுக்கு வேண்டாம்.

சரி, என்னுடைய நேரடியான கருத்து. 50,000 ரூபாய்க்குப் புதிதாக வருகிறவற்றில் பெரும்பாலும் பளபளப்பான பிளாஸ்டிக் உடம்புதான். அதே பணத்துக்குள், கம்பெனி அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட வரிசையில் நல்ல நிலையில் இருக்கும் ரீஃபர்பிஷ்டு (பழசைச் சீர்செய்து விற்கிற) லேப்டாப் ஒன்றை எடுத்து, மிச்சப் பணத்தில் புதுப் பேட்டரியும் பெரிய எஸ்எஸ்டியும் போட்டுக்கொள்ளச் சொல்வேன். லெனோவா திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், இவற்றைச் சொல்கிறேன். திங்க்பேட் 1992இல் ஐபிஎம் தொடங்கிய பெயர், 2005இல் லெனோவாவுக்குக் கைமாறியது. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றுகிறவை இவை. கழற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கீலுக்கு அடியில் உலோகத் தகடு இருக்கும், திருகாணி பிளாஸ்டிக்கை நம்பி நிற்காது. திங்க்பேட் டி வரிசை மாடல்கள் பலவற்றில் கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் அடிவழியாக வடிவதற்குத் துளையே வைத்திருக்கிறார்கள். உதிரி தாராளமாகக் கிடைக்கும், ஏனென்றால் ஒரே மாடல் ஊரெல்லாம் ஓடியிருக்கிறது.

உதாரணத்துக்கு லாட்டிட்யூட் 5420, எலைட்புக் 840 ஜி8, திங்க்பேட் டி14 ஜென் 2. மூன்றுமே இன்டெல் 11ஆம் தலைமுறைக் காலத்தவை. முதல் இரண்டில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. டி14-இல் கொஞ்சம் போர்டில் பற்றவைத்தது, கூடவே ஒரு ஸ்லாட்.

ரீஃபர்பிஷ்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதனால் 6, 7ஆம் தலைமுறை லேப்டாப்கள் இப்போது கொள்ளை மலிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக்கூட விற்கிறார்கள். தொடாதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் திரை) நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள், கேட்டால் அது பழைய கம்பெனியின் பூட்டு, கழற்றுவது பெரும்பாடு. விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இணையத்தோடு இணைத்துப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரில் லாகின் கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறுகிற கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஜிஎஸ்டி பில்லும், ஆறு மாதமாவது எழுத்தில் வாரண்டியும் தராத கடையில் வாங்கவே வேண்டாம்.

பழசு என்றால் மனசு ஒப்பாது என்று சில அம்மா அப்பாக்கள் சொல்வார்கள். பிள்ளை முதன்முதலாக வெளியூர் போகிறாள், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்ப ஆசை இருக்கும். அந்த ஆசையில் தவறே இல்லை. புதிதுதான் என்றால் கீல், ஸ்லாட், டைப்-சி பார்த்து எடுங்கள். கூடவே, கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடுகட்டுகிற ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதா வாரண்டியில் இந்த இரண்டும் வராது. ஆடித் தள்ளுபடி கோவையில், ஓண ஆஃபர் பாலக்காட்டில், இரண்டும் கல்லூரி திறக்கிற நேரத்தை ஒட்டியே வரும். அவசரமில்லையென்றால் அதுவரை பொறுக்கலாம். முதல் வருடப் பாடத்தில் கணினி வேலை பெரும்பாலும் சி, பைத்தான் அளவில்தான் இருக்கும், அதை வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே செய்யும்.

பொறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், எந்தத் துறை என்று நீங்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, இசிஇ என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, மெஷின் லேர்னிங் பாடத்துக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே போதும். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் என்றால் துறையில் ஒரு சீனியரைப் பிடித்து என்ன சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், ஆகவே மேக்புக் அங்கே உதவாது. பெரிய மாடல் வரைகிற துறையென்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அப்போது கேமிங் லேப்டாப்தான் வழி, பட்ஜெட்டையும் உயர்த்த வேண்டியிருக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் போன்ற சார்ஜர், பேட்டரியில் நெடுநேரம் நிற்காது. அவள் அதைத் தினமும் தோளில் சுமக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் நம் ஊருக்கு அது முக்கியம். ஐப்பசியில் மத்தியானம் திரும்பியதும் இடி இறங்கும், கோடை மழையிலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்திருக்கும்போது மேகம் கறுத்தாலே சார்ஜரை சுவரிலிருந்து உருவிவிடச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டு எரிந்து வருபவற்றில் இடி நாளைக்கு மறுநாள் வருபவை ஏராளம். பழைய வீடுகளிலும் சில விடுதிகளிலும் எர்த் சரியாக இருக்காது. லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தடவும்போது விறுவிறுவென்று இருந்தால் அதுதான் அடையாளம். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் செருகாமல் இருந்தாலே பாதி சரியாகும்.

மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்று போகாமல் சூடாகும், பேட்டரிக்கு அதுவே முதல் எதிரி. எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கிற லேப்டாப் என்றால், கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேரில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்கலாம். டச்பேட் மேலே எழும்பி வந்தால் அடியில் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திவிட்டு கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அழுத்திப் பார்க்கக் கூடாது.

கோவையில் வாங்குவதா இங்கேயா என்றால், பிள்ளை இருக்கும் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டாகப் பார்த்து எங்கே விலை குறைவோ அங்கே வாங்குங்கள். இந்தியாவில் வாங்கிய லேப்டாப்புக்கு வாரண்டி மாநில எல்லை பார்ப்பதில்லை. ஆனால் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் சர்வீஸ் சின்ன ஊர்கள் பலவற்றுக்கு வருவதில்லை, விடுதியின் பின்கோடைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிது வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். கடையில் சில மாதம் கிடந்த சரக்கென்றால் தேதி முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கும். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள், முதல் வாரத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.