வாசகர் கேள்வி – பதில்: பழைய வேகக் காருக்குப் பெரிய பிரேக் தேவையா?

கேள்வி: என்னிடம் 2006 ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். இருக்கிறது, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன். அண்மையில் குடும்பத்துடன் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, காரவள்ளி அடிவாரத்தை நெருங்கிய கடைசி வளைவுகளில் பிரேக் மிதி பஞ்சுபோல மெதுவாகி, ஏறக்குறையத் தரை வரை போய்விட்டது. ஓரமாக நிறுத்தி நெடுநேரம் காத்திருந்த பிறகு மிதி பழையபடி இறுகியது. முன் டிஸ்க்குகள் 288 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. அவை இந்தக் காருக்குப் போதாது, நான்கு பிஸ்டன் கேலிப்பருடன் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பெரிய பிரேக் செட் போட்டுவிடுங்கள் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செலவு பெரிதாக இருக்கிறது. போடலாமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: இப்போது போட வேண்டாம். உங்கள் காரில் நேர்ந்தது டிஸ்க் சிறியதாக இருப்பதால் வந்த குறையன்று என்பதை உங்கள் விவரிப்பே காட்டுகிறது.

சூட்டினால் பிரேக் தளர்வது இரண்டு வகைப்படும். டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட், தான் தாங்கக்கூடிய வெப்பத்தைத் தாண்டிவிட்டால் அதன் உராய்வு குறையும். அப்போது மிதி கல்லைப்போல இறுக்கமாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டாலோ, கேலிப்பருக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, உங்கள் காலின் அழுத்தம் முழுவதும் அந்த ஆவியை நெருக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி மெதுவாகித் தரைக்கு இறங்கும். சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் மிதி பழைய நிலைக்குத் திரும்பும். உங்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் மிதி இறங்கும் என்றாலும், அது காத்திருப்பதால் சரியாகாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதே ஆயிலில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 எனில் இந்த எண்கள் 205, 140. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை, கை மாறிக் கை மாறி வந்த பழைய கார்களில் யார் எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆளிருக்காது. அத்தகைய ஆயிலின் மேல் எத்தனை பிஸ்டன் கேலிப்பரைப் பொருத்தினாலும் அது கொதிக்கத்தான் செய்யும்.

மலை இறக்கம் பிரேக்குக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 1000 மீட்டர் உயரத்திலிருந்து எஞ்சினின் உதவியின்றிப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், டிஸ்க்குகளில் சேரும் வெப்பம், அதே காரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 25 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையையும் டயரின் உருளல் தடையையும் கழித்தால் சற்றுக் குறையும். காரின் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போவதால் இந்தக் கணக்கு எல்லாக் கார்களுக்கும் ஒன்றே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில், தேவைப்படும் இடத்தில் முதல் கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மெல்ல அழுத்திக்கொண்டே வருவதை விட, வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதுமாக விட்டுவிடுவதே டிஸ்க் ஆறுவதற்கு இடம் கொடுக்கும். குடும்பத்துடன் செல்லும் உங்களிடம் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: இந்தப் பழக்கம் இல்லாமல் எந்தப் பிரேக்கும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

ஆகவே முதலில் ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். நல்ல டாட் 4 போதும். மலைப்பயணம் அதிகமென்றால் டாட் 5.1 போடலாம், அதன் கொதிநிலை வரம்பு 260 டிகிரி, ஈரம் சேர்ந்த நிலையில் 180. பெயரில் நெருங்கியிருக்கும் டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். மற்றவற்றுடன் கலக்காது, ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள காருக்கும் ஏற்றதன்று, கடையில் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்து, ரப்பர் பிரேக் குழாய்களைப் பாருங்கள். இவ்வளவு ஆண்டுகளில் ரப்பர் தளர்ந்து அழுத்தத்தில் உப்பும். உட்புறம் உரிந்து அடைத்துக்கொண்டால் மிதியை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். புதிய ரப்பர் குழாய்களோ, துருப்பிடிக்காத எஃகுப் பின்னல் போர்த்தியவையோ, நம்பகமான தயாரிப்பாக இருந்தால் இரண்டுமே சரி.

கேலிப்பர் நகரும் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் இடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். இந்தக் காரில் ஹேண்ட்பிரேக் பொறிமுறை பின் கேலிப்பருக்குள்ளேயே இருப்பதால், அதன் நெம்புகோல் இறுகிச் சிக்கிக்கொள்வது வழக்கமான தொல்லை. பின் பிஸ்டனைச் சுழற்றியபடிதான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்பு வைத்து நேராக அழுத்தும் மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். பழைய காரில் இழந்ததை மீட்பதே முதல் மேம்பாடு என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் செய்த பிறகும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் ஓட்டும் ஆசை இருந்தால், அப்போது டிஸ்க்கைப் பெரிதாக்குவதில் பொருளுண்டு. அதற்கும் நான்கு பிஸ்டன் செட் கட்டாயமில்லை. உங்களுடைய முதல் தலைமுறை ஆக்டேவியா, நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், முதல் தலைமுறை ஆடி டி.டி. ஆகிய மூன்றும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. ஐரோப்பாவில் விற்ற 180 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸிலும் டி.டி.யிலும் உள்ள 312 மில்லிமீட்டர் டிஸ்க்கை, உங்கள் கேலிப்பரை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கும் கேரியரை மட்டும் மாற்றிப் பொருத்திவிடலாம். பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து 12 மில்லிமீட்டர் வெளியே நகர்வதால், அதே அழுத்தத்தில் நிறுத்தும் விசை சுமார் 10 விழுக்காடு கூடும். வெப்பத்தை ஏற்கும் இரும்பும் கூடும். 15 அங்குல வீலுக்குள் இந்த டிஸ்க் நுழையாது. 16 அங்குலத்தில் பெரும்பாலும் நுழையும், ஆனாலும் வாங்குமுன் அளந்து பாருங்கள். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

பெரிய பிரேக் போட்டால் கார் குறைந்த தொலைவில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போதே அழுத்தமாக மிதித்தால் ஏ.பி.எஸ். இயங்குகிறது என்றால், ஒரே ஒரு நிறுத்தத்தின் தொலைவைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்புதான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். வயதான டயர் என்றால் பிரேக்குக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிடுங்கள்.

கேள்வி: பழைய செடானுக்குத் துளையிட்ட டிஸ்க் வாங்கலாமா? பந்தயத்துக்கான பேட் தினசரி ஓட்டத்துக்கும் நல்லதா?
– சென்னை வாசகர்

பதில்: இரண்டும் தேவையில்லை. கடும் சூட்டில் துளைகளைச் சுற்றி விரிசல் விடுவது அறியப்பட்ட குறை. நல்ல தரமான சாதாரண காற்றோட்ட டிஸ்க்கே போதும். டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்ததை, கடைசல் பிடித்துச் சமன் செய்தும் பயன்படுத்தக் கூடாது. பந்தய பேட் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு முன்னால் அது குளிர்ந்தே இருக்கும். பேட்டின் விளிம்பில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது மிகுந்த வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால், சூட்டில் அந்தப் பேட் தளரும் என்று பொருள்.

கேள்வி: புதிய பேட், டிஸ்க் போட்டதும் உடனே நெடுஞ்சாலையில் ஓட்டலாமா?
– மதுரை வாசகர்

பதில்: முதலில் பதப்படுத்துங்கள். போக்குவரத்தில்லாத சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுவதும் நிறுத்தாமல், சீரான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறைத்துவிட்டு, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான நிலையில் நிறுத்தி மிதியை அழுத்தியபடியே இருந்தால், பேட் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் பிரேக் பிடிக்கும்போது அதிர்வு வரும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை அச்சிட்டுக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.