நியூயார்க் குளிரில் கேமராவோடு நடப்பவர்களுக்குக் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஒன்பது குளிர்காலம் கழித்தவன் நான். சனிக்கிழமை விடிந்தால் ரயிலேறி மன்ஹாட்டனில் இறங்கி, கால் மரத்துப்போகும்வரை படம் எடுத்துக்கொண்டு நடப்பேன். டிசம்பர், ஜனவரியில் அங்கே போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, டிசம்பரில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். "அந்தக் குளிரில் என்ன படம் எடுக்கப் போகிறீர்கள், மே மாதம் போங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேமராவைச் சுமந்துகொண்டு போகலாமா?

கண்டிப்பாகக் கொண்டுபோங்கள் ஐயா. டிசம்பர் கடைசியில் நியூயார்க்கில் உச்சி வேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 26 டிகிரி உயரம்தான் ஏறும். அதே நாள் சென்னையில் 53 டிகிரிக்கு மேல். நம் ஊரில் காலை எட்டு மணிக்குக் கிடைக்கும் சாய்ந்த வெயில் அங்கே நடுப்பகலிலும் இருக்கும். மனிதர்களின் நிழல் அவர்களைவிட இரண்டு மடங்கு நீளமாக விழும். மே மாத நண்பகலில் அது கிடைக்காது.

இன்னொன்று. மன்ஹாட்டனின் தெருக்கட்டம் 1811-இல் போட்ட திட்டம். அது நேர் வடக்கு தெற்காக இல்லாமல் 29 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் டிசம்பர் கடைசி வாரங்களில் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் சூரியன் அவென்யூக்களின், அதாவது வடக்கு தெற்கு வாக்கில் ஓடும் நீளமான சாலைகளின், தெற்கு முனைக்கு நேராக வந்து நிற்கும். ஐந்தாவது அவென்யூவில் தெற்கே பார்த்து நின்றால், எதிரே வருகிற ஒவ்வொருவரின் மூச்சுப் புகையும் பின்வெளிச்சத்தில் பளபளக்கும். சாலையில் ஆவி கிளம்பினால் இன்னும் விசேஷம். அங்கே 1882 முதல் நிலத்தடிக் குழாய்களில் நீராவி அனுப்பிக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். குழாய் கசிந்தாலும், சூடான குழாயில் மழைத்தண்ணீர் பட்டாலும் ஆவி மேலே வரும். அதை வெளியேற்ற நடுரோட்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புகைபோக்கி வைத்திருப்பார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

விடியல் 7:15-க்கு மேல், அஸ்தமனம் 4:30 வாக்கில். சூரிய உதயம் எடுக்க நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கோவை வாசகி: அண்ணா, மேகாலயாவில் லேசான குளிரிலேயே என் கேமரா பேட்டரி பாதி நாளில் தீர்ந்துவிட்டது. மைனஸில் என்ன ஆகும்?

இன்னும் சீக்கிரம் தீரும். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகும், அதனால் சார்ஜ் இருந்தும் இல்லாததுபோல் காட்டும். மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேமராவில், மற்ற இரண்டும் ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில். தீர்ந்ததைக் கழற்றி அதே பையில் போட்டால் உடம்புச் சூட்டில் கொஞ்சம் உயிர் வரும். "செத்துப்போன" பேட்டரியை இப்படித் தேற்றி நாற்பது ஐம்பது படம் எடுத்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரிவரைதான். அதற்குக் கீழே திடீரென்று அணைந்துபோகலாம். உள்பையில் வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். பவர் பேங்க்கும் உள்ளேதான் இருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து: குளிரிலிருந்து சூடான அறைக்குள் போனால் லென்ஸில் நீர் கோக்குமாமே, என்ன செய்வது?

முதல் ஜனவரியில் இதில் வசமாக மாட்டினேன். மைனஸ் ஒன்பதில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. சும்மா இருந்திருக்கலாம், "வேறு லென்ஸ் மாற்றிப் பார்ப்போம்" என்று அங்கேயே கழற்றினேன். கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் சில்லிட்டிருந்தது, அதன் மீதும் ஆவி படிந்துவிட்டது. காபி ஆறியது, என் வயிறு எரிந்தது.

கடைக்குள் போவதற்கு முன், வெளியில் நிற்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும். உள்ளே கேமரா மெல்லச் சூடேற ஒரு மணி நேரம் விடுங்கள். அன்று எடுத்த படங்களை உடனே பார்க்க வேண்டுமானால் மெமரி கார்டைப் பைக்குள் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். லென்ஸில் பனித்துளி விழுந்தால் வாயால் ஊதக் கூடாது, மூச்சு அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ரப்பர் ஊதுகுழல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து: பனி பெய்யும்போது எடுத்த நண்பரின் படங்களில் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறதே?

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பனியின் வெளுப்பைப் பார்த்துப் பயந்து இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப்வரை ஏற்றி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்).

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 வினாடியில் வைத்தால் பனி புள்ளி புள்ளியாக நிற்கும், 1/60-க்கு இறக்கினால் கோடாக இழுக்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், பார்த்தாலே குளிர் தெரியும். பின்னணி இருட்டாக இருந்தால்தான் பனி கண்ணுக்குத் தெரியும். செங்கல் சுவர், மஞ்சள் டாக்ஸி, யாராவது சிவப்புக் குடை பிடித்து வந்தால் அதிர்ஷ்டம். வெள்ளை வானத்தை நோக்கி எடுத்தால் ஒன்றுமே இருக்காது.

பனி பெய்யத் தொடங்கிய முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். மறுநாள் அது உப்பும் கரியும் கலந்த சகதி. தெருமுனைகளில் கெட்டித் தரைபோலத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால்வரை ஐஸ் தண்ணீர். நீர் புகாத பூட்ஸுக்குச் செலவழியுங்கள், லென்ஸை அப்புறம் வாங்கலாம்.

சென்னையிலிருந்து: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எடுக்க வேண்டிய பத்து இடங்கள் சொல்ல முடியுமா?

பத்து வேண்டாம். சால் லைட்டர் என்ற புகைப்படக்காரர் நியூயார்க்கில் கிழக்கு பத்தாம் தெருவில் அரை நூற்றாண்டுக்கு மேல் குடியிருந்தார். 1950-களில் அவர் எடுத்த வண்ணப் படங்களில் பெரும்பாலானவை வீட்டைச் சுற்றிய சில தெருக்களில் எடுத்தவை. ஆவி படிந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு ஆள், பனியில் ஒரு குடை. அவ்வளவுதான் இருக்கும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. குளிர்கால நியூயார்க்கில் நடப்பதைவிட நிற்பதற்குத்தான் படம் கிடைக்கும்.

நான் போகும் வழியைச் சொல்கிறேன். விடியும்போது புரூக்ளினில் டம்போ பகுதி, வாஷிங்டன் தெரு. செங்கல் கட்டடங்களுக்கு நடுவே மன்ஹாட்டன் பாலம், அதன் தூண் இடைவெளியில் எம்பயர் ஸ்டேட் கட்டடம். எல்லாரும் எடுத்த படம்தான், நீங்களும் ஒன்று எடுத்துவிட்டு நகருங்கள். பிறகு 1883-இல் திறந்த புரூக்ளின் பாலத்தில் மன்ஹாட்டன் பக்கமாக நடங்கள். காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிரே இருக்கும் கட்டடங்கள்மேல் விழும். எதிர்த்திசையில் நடந்தால் கண் கூசும். பாலத்தின் மேல் காற்று கத்திபோல வெட்டும், காதை மூடும் தொப்பி அவசியம்.

இறங்கியதும் ஆக்குலஸ் ரயில் நிலையத்துக்குள் போய்ச் சூடேறுங்கள். கூரையின் வெள்ளை விலா எலும்புகளுக்கு அடியில் கறுப்புக் கோட்டுகள் நடந்துபோவதைப் படம் எடுக்கலாம். மதியம் லெக்சிங்டன் அவென்யூவில் இருபத்தேழாம் தெருப் பக்கம் தோசை கிடைக்கும். இரண்டு மணிக்கு ஐந்தாவது அவென்யூ, மேலே சொன்ன காரணத்துக்காக.

நாலு மணிக்குள் மன்ஹாட்டனின் தெற்கு முனையிலிருந்து ஸ்டேட்டன் ஐலண்ட் தீவுக்குப் போகும் படகு. கட்டணம் இல்லை, 25 நிமிடப் பயணம். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள். சுதந்திர தேவி சிலைக்குப் பின்னால் வானம் சிவக்கும். திரும்பும்போது நகரம் முழுக்க விளக்கேற்றி எதிரே வரும்.

பெங்களூரிலிருந்து: டிரைபாட் (கேமரா முக்காலி) வைத்தால் போலீஸ் பிடிக்குமா?

நடைபாதையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வைத்தால் அனுமதிச் சீட்டு தேவையில்லை. சப்வே என்கிற நிலத்தடி ரயிலில் படம் எடுக்கலாம், டிரைபாட் கூடாது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் அப்படித்தான். மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை அழுத்தி வைத்து மெதுவான ஷட்டரில் எடுங்கள். அந்த நிலையத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஜன்னல்வழி இறங்கும் வெளிச்சத் தூண்களைத் தேடாதீர்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் அதை மறைத்துவிட்டன.

யாழ்ப்பாணத்திலிருந்து: தெருவில் போகிறவர்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

பொது இடத்தில் சட்டப்படி எடுக்கலாம். டைம்ஸ் சதுக்கத்தில் தன்னைக் கேட்காமல் எடுத்ததாக ஒருவர் ஃபிலிப் லோர்க்கா டிகோர்சியா என்ற கலைஞர்மேல் போட்ட வழக்கு, கலைப்படைப்பு என்று சொல்லி 2006-இல் தள்ளுபடியானது. விளம்பரத்துக்கு அந்தப் படத்தைப் பயன்படுத்துவது வேறு கதை, அதற்கு எழுத்தில் சம்மதம் வேண்டும். என் சொந்தக் கணக்கு ஒன்று: சூடான காற்று வரும் கம்பிவலைமேல் போர்வையோடு படுத்திருப்பவரை எடுக்க மாட்டேன். எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும்.

திருநெல்வேலி அக்கா: தம்பி, மாமியாரோடு ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். அங்கே ஏதாவது எடுக்கலாமா?

தாராளமாக அக்கா. குயின்ஸில் பவுன் தெருவில், 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். ஃபிளஷிங் போகும் ஏழாம் நம்பர் ரயில் பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும், ஜன்னல் வழியாகப் பனி மூடிய கூரைகளை எடுத்துக்கொண்டே போகலாம். சாதாரண வீடுகளுக்கு நடுவே கோபுரம் எழும்பி நிற்கும். பனி பெய்த காலையில் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுங்கள், பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடு நுழையும் நேரம் பார்த்து. சன்னதிக்குள் எடுப்பதற்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே கேன்டீனுக்குப் போவதற்கு முன் கேமராவை ஜிப் பைக்குள் போட்டுவிடுங்கள். அங்கே சாம்பார் ஆவி வேறு.