மண்டபம் ஊர் நண்பருக்கு: 7 கிலோ ஸ்பீக்கரைச் சுவரில் மாட்ட

வணக்கம் நண்பரே. கடலோர வீடு, ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள சிமென்ட் கல்) சுவர், 7 கிலோ சரவுண்ட் ஸ்பீக்கருக்குப் போட்ட திருகு பிளாஸ்டிக் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பதறிவிட்டது. அடியில் குழந்தைகள் யாரும் இல்லாததே பெரிது.

உங்கள் பிளக் பிடித்திருந்தது பூச்சை மட்டும்தான். டிரில் பிட் திடீரென்று 'பொதுக்'கென்று உள்ளே போனால் அது பிளாக்கின் பொந்து. அங்கே சாதா பிளக் நிற்காது. பக்கத்தில் கான்கிரீட் தூண் இருந்தால் அதிலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் துளைக்குள் வலைக்குழாய் (பசையைப் பொந்தில் சிந்தாமல் பிடிக்கும் வலைபோன்ற குழாய்) செருகி, கெமிக்கல் ஆங்கர் என்ற, கல்போல இறுகும் பசையை நிரப்பி, அதில் போல்ட்டைச் செருகி, பசை முழுதாக இறுகியபின் எடை ஏற்றுங்கள். ஹாலோ பிளாக்கில் டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிடுங்கள், உள்சுவர் உடைந்துவிடும்.

அப்புறம் உப்புக்காற்று. பாம்பனில் என் வீட்டுச் சாதா இரும்பு பிராக்கெட் இரண்டே வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 316 என்ற, உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள்.

ஸ்பீக்கரின் பின்னால் போல்ட் முடுக்க மரையுள்ள துளை இல்லையா? பெட்டியைத் துளைக்காதீர்கள், சுவரில் தாங்குதட்டு அடித்து அதன்மேல் வையுங்கள். உயரம், உட்கார்ந்தால் காதுக்கு மேல் இரண்டடி போதும்.