அப்பாயியின் வெள்ளிக் காசுமாலை எந்தக் காலத்தது?

வணக்கம் சகோதரி. ஹட்டன் நகைக்கடையில் "பழைய வெள்ளிதான், உருக்கிடலாம்" என்றார்களாம். தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள்.

மாலையின் காலத்தை அதிலுள்ள பழைய இந்திய ரூபாய்க் காசுகளே சொல்லும். அரசர், அரசி பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். விக்டோரியா பெயருடன் 'குயின்' என்றிருந்தால் 1876க்குள், 'எம்பிரஸ்' என்றிருந்தால் 1877 முதல் 1901 வரை. 1903 முதல் ஏழாம் எட்வர்டு, 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். ஆனால் மாலையின் வயதைச் சொல்வது அதிலுள்ள கடைசிக் காசு. நீங்கள் சொன்ன 1942ஆம் ஆண்டு ரூபாய் ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தது என்றால், மாலை அதற்குப் பிறகுதான் கோக்கப்பட்டது. பிறகு சேர்த்ததா என்று அந்த ஒரு காசின் வளையத்தைப் பாருங்கள். பிறகு சேர்த்ததென்றால் பற்றவைப்பு மற்றவற்றிலிருந்து வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, 1939 வரை இந்திய ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1940இலிருந்து வெள்ளி பாதிதான். அதனால் எல்லாக் காசுக்கும் ஒரே விலை சொன்னால் ஏற்காதீர்கள்.

புளி, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். நூல் இற்றிருந்தால் மாற்றுங்கள், ஆனால் முதலில் காசுகளின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூலையும் எறியாமல் வையுங்கள், அதுவும் அப்பாயி கழுத்தில் கிடந்ததுதானே.