ஊக்கம் தரும் போதைப் பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் மூளையில் என்ன மாறும்? விட்ட பிறகும் ஏன் தேடுகிறது?

மருத்துவன் இல்லை நான். மன்னார்குடிப் பக்கம் விவசாயம். விலங்கியல் படித்ததோடு, பதினோரு வருஷம் வாயில் புகையிலை போட்ட தகுதியும் உண்டு.

பழக்கம் தொற்றியது நெல் கொள்முதல் நிலையத்தில். குறுவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டினால் ஈரப்பதம் கூடுதல் என்பார்கள். அம்பாரத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ராத்திரிக் காவல். தூக்கத்தை விரட்ட வெற்றிலை சீவலோடு ஒரு துண்டு புகையிலை. முதல் நாள் தலைசுற்றி வாந்தி எடுத்தேன். அடுத்த வருஷம் அதே துண்டு ஒன்றுமே செய்யவில்லை.

மூளை செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் ரசாயனம் அசிட்டைல்கோலின். அதற்கென்று இருக்கும் ரிசப்டரில், அதாவது ஏற்பியில், புகையிலையில் உள்ள நிகோட்டின் போய் உட்காருகிறது. ஓயாமல் உட்கார்ந்தால் ஏற்பி மரத்துப்போகும்; ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடிவிடும். தூங்கும்போது நிகோட்டின் வடிய, மரத்தவை விழித்துக்கொள்ளும். விடிந்ததும் போடும் முதல் வாய்க்கு அவ்வளவு ருசி வருவது அதனால்தான்.

கொக்கைன், மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதைகளின் சமாச்சாரம் வேறு. ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனம் டோபமைன். அது பாயும் வயலில் கொக்கைன் வடிகாலை, அதாவது டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் வழியை, அடைக்கும். மெத்தாம்பெட்டமைன் டோபமைனை வெளியே விடும் மதகையும் சேர்த்துத் திறந்துவிடும். தொடர்ந்து எடுத்தவர்களிடம் டி2 என்ற டோபமைன் ஏற்பி குறைந்திருப்பதை மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் ஸ்கேனில் காட்டினார்கள். நிகோட்டினில் அதன் ஏற்பி கூடுகிறது, இங்கே டி2 குறைகிறது. தேடல் மட்டும் இரண்டிலும் உண்டு.

எனக்குப் பெரிதாகப் பட்டது எலிச் சோதனைதான். மெத்தாம்பெட்டமைனுக்கு உறவான ஆம்பெட்டமைனை விட்டுவிட்டுக் கொடுத்தால், அதே அளவுக்கே எலியின் ஓட்டம் நாளுக்கு நாள் கூடுகிறது. மழுங்க வேண்டியது கூர்மையாகிறது! அதுவும் மருந்து கொடுத்த அதே கூண்டில்தான் அதிகம். பிடிப்பது வேறு, வேண்டுவது வேறு என்று ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் எழுதினார்கள். ருசி கூடாமலே ஆசை மட்டும் வளருமாம். கடைசி வருஷங்களில் எனக்கும் அப்படித்தான், கசந்துகொண்டே போட்டேன்.

புகைப்பதை விட்டவர்களுக்கு, கூடிப்போன ஏற்பிகள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுவதாக ஸ்கேன் ஆய்வு உண்டு. எனக்கும் மூன்று மாதத்தில் வீட்டில் நினைப்பே இல்லை. அடுத்த குறுவைக்கு அதே இடத்தில் டிராக்டரை நிறுத்தினேன். ஈர நெல் வாசனை மூக்கில் ஏறியதும் வாய் ஊறியது. கை தானாக இடுப்பு மடியைத் துழாவியது. எலிக்குக் கூண்டு, எனக்கு அந்தக் களம்.

இப்போதெல்லாம் காவலுக்கு மச்சானை அனுப்பிவிடுகிறேன். அவனுக்குப் புகையிலை வாசனையே ஆகாது.