தாய்லாந்து விசாவுக்கு 8 லட்சம் பாட்: எப்போது அனுப்புவது?

கேள்வி: அருவங்காட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், வயது 62. மனைவியோடு சியாங் மாய் போய்த் தங்கலாம் என்று ஆசை. ரிட்டயர்மென்ட் விசாவுக்கு 8 லட்சம் பாட் அந்த ஊர் வங்கியில் இருக்க வேண்டுமாம். இங்கிருந்து அனுப்பினால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?
– வாசகர், குன்னூர்

பதில்: பிடிப்பார்கள், ஆனால் முழுத் தொகைக்கும் இல்லை. எல்ஆர்எஸ் என்கிற ரிசர்வ் வங்கி ஏற்பாட்டில் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதனால் உச்சவரம்பு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. டிசிஎஸ்தான் இடிக்கிறது, அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. படிப்பு, மருத்துவம் தவிர்த்த காரணங்களுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். ஒரு பாட் 2.70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 லட்சம் பாட்டுக்கு 21.60 லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரே ஆண்டில் அனுப்பினால் 11.60 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 2.32 லட்சம் ரூபாய் நிற்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டு மீதியைத் திரும்ப வாங்கலாம். ஆனால் பென்ஷன்காரருக்கு இரண்டு லட்சம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பது சின்ன விஷயமா என்ன.

அதனால் மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் மீதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து அனுப்புங்கள். அப்போது 1.60 லட்சத்துக்கு மட்டும் டிசிஎஸ், 32,000 ரூபாயோடு போய்விடும். இரண்டு வங்கிகளில் பிரித்து அனுப்பித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கணக்கு பான் எண்ணை வைத்துத்தான்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள், பல பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நான்-ஓ என்கிற 90 நாள் தாய்லாந்து விசாவில் போய் இறங்கி, அங்கே கணக்குத் திறந்து, பணத்தை வரவழைத்து, 8 லட்சம் முழுதாக இரண்டு மாதம் கணக்கில் கிடந்த பிறகுதான் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். 90 நாளில் 60 நாள் இதற்கே போய்விடுகிறது. மார்ச் 20 வாக்கில் போய் இறங்கினால் ஜூன் 17 வரை நேரம் இருக்கும். முதல் பகுதியை மார்ச் முடிவதற்குள்ளும் மிச்சத்தை ஏப்ரல் 10-க்குள்ளும் சேர்த்துவிட்டால் ஜூன் 10-க்கு இரண்டு மாதம் ஆகிவிடும். ஏப்ரல் 1 இங்கே வங்கிக் கணக்கு முடிக்கும் நாள், 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான் என்கிற புத்தாண்டு விடுமுறை. அதனால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

பாட்டாக மாற்றி அனுப்பாமல் டாலராகவே அனுப்புங்கள், அங்கே மாற்றிக்கொள்ளட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று பதிவாக வேண்டும். நடுவில் உள்ள வங்கிகள் கமிஷன் எடுத்து 7,99,000-ஆகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு மாதக் கணக்கு தொடங்கவே தொடங்காது, எனவே கொஞ்சம் கூடுதலாகவே போகட்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவம், நெட் பேங்கிங், ஓடிபி வருவதற்கு ரோமிங் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். சின்னக் கிளைகளில் வெளிநாட்டு அனுப்புதலுக்கு ஆளே இருக்காது, கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னாலும் சொல்வார்கள்.

நீட்டிப்பு கிடைத்தவுடன் அந்தப் பணத்தைச் செலவு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மூன்று மாதம் 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும், பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே திரும்ப 8 லட்சம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு பணம் பாருங்கள். இந்தியாவில் வரிக்கு நீங்கள் உள்நாட்டவராக இருக்கும் வரை இந்தக் கணக்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டியே ஆக வேண்டும், மறைத்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அங்கேயே குடியேறிவிட்டால் எல்ஆர்எஸ் உங்களுக்குக் கிடையாது. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக மாற்றி அதிலிருந்து அனுப்ப வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலை ஊர், குளிர் இருக்கும் என்று நம்பிப் போகிறீர்களோ என்று சந்தேகம். சியாங் மாய் இருப்பது சுமார் 300 மீட்டர் உயரத்தில், நம் மேட்டுப்பாளையம் மாதிரி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிக்கிற புகை வேறு. மேலே சொன்ன தேதிகளில் போனால் நேராக அந்தப் புகையில்தான் இறங்குவீர்கள்.

கேள்வி: என் கணவர் பெயரில் அங்கே கணக்கு. அவருடைய 10 லட்ச வரம்பு முடிந்துவிட்டது. மீதியை என் கணக்கிலிருந்து அவருடைய தாய்லாந்துக் கணக்குக்கு நான் அனுப்பலாமா? எனக்கும் தனியாக 8 லட்சம் பாட் வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அனுப்ப முடியாது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர், இந்தியாவில் வசிக்கும் இன்னொருவருடைய வெளிநாட்டுக் கணக்குக்கு எல்ஆர்எஸ் வழியாக அன்பளிப்பு அனுப்ப அனுமதி இல்லை. ரூபாயாக இங்கேயே அவருக்குக் கொடுக்கலாம், ஆனால் அது அவருடைய வரம்பில்தான் சேரும். கூட்டுக் கணக்கு திறக்கலாமே என்று தோன்றும், குடிவரவு அலுவலகத்தில் அது செல்லாது. உங்களுக்குத் தனியாக 8 லட்சம் வேண்டியதில்லை, அவர் நீட்டிப்பு வாங்கிவிட்டால் சார்ந்தவராக நீங்கள் விண்ணப்பிக்கலாம். திருமணச் சான்றிதழ் கட்டாயம். கல்யாணத்தைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால் முதல் வேலையாக அதை முடியுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் இங்கே ரூபாயை வாங்கிக்கொண்டு பாங்காக்கில் பாட்டாகக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். டிசிஎஸ் கிடையாது, கமிஷனும் குறைவு. செய்யலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: அதற்குப் பெயர் ஹவாலா. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அப்புறம், பையில் வந்த பணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது என்று எந்த வங்கி கடிதம் தரும்?